கோப்பு வந்தது, தேதி வரவில்லை: மயிலாப்பூர் இசைக் காப்பகம் ஒன்றில் நடந்த இடமாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இயங்கும் சிறிய இசைக் காப்பகம் ஒன்று, 2023-ஆம் ஆண்டின் நடுவில், பதினாறு ஆண்டுகளாகச் சேர்த்த கச்சேரி ஒலிப்பதிவுகளைத் தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து ஒரே சர்வருக்கு மாற்றியது. ஒலிப்பதிவுகளில் ஒரு பைட்கூடச் சேதமாகவில்லை. அப்படியிருந்தும், ஒரு பகுதிக் கோப்புகள் எந்த நாளின் கச்சேரி என்பதே தெரியாமல் போயிற்று; வேறொரு பகுதி தவறான நாளைக் காட்டியது; சில பதிவுகளின் மேல் இருந்த ‘வெளியே தரக் கூடாது’ என்ற அடையாளம் காணாமல் போயிற்று. இந்தச் சிக்கலை ஆராய்ந்து சரிசெய்ய அழைக்கப்பட்டவன் என்ற முறையில், காப்பகத்தின் ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் கலைஞர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

காப்பகத்தில் முழுநேரமாக இருப்பவர் ஒருவரே. பட்டியல் தயாரிப்பது, கேட்க வருபவர்களுக்குப் பதிவுகளை எடுத்துக் கொடுப்பது, கலைஞர்களின் குடும்பத்தாரோடு பேசி அனுமதி வாங்குவது ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலாளர் அம்மையாரின் பொறுப்பு. கணினி வேலைகளைத் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் தன்னார்வலர் ஒருவர் வார இறுதிகளில் வந்து செய்துகொடுத்தார். இருவருமே கவனமானவர்கள். கவனக்குறைவால் நேர்ந்தது என்று இந்த நிகழ்வை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பதிவுகள் மொத்தம் ஒன்பது டிஸ்க்குகளில் இருந்தன. 2006 முதல் 2011 வரையிலான பதிவுகள் ஐந்து டிஸ்க்குகளில், அந்தக் காலத்தில் கடையிலிருந்து வரும்போதே இருந்த ஃபேட்32 அமைப்பில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று) இருந்தன. அவற்றில் இருந்தவை பதிவுக் கருவியின் கார்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட வேவ் வகை ஒலிக் கோப்புகள். பெயர் என்று எதுவும் இல்லை, கருவி தானாகக் கொடுத்த வரிசை எண் மட்டுமே. ஒவ்வொரு டிசம்பர் சீசனுக்கும் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆகவே, எந்தக் கச்சேரி எது என்பதைக் காட்டிய ஒரே ஆதாரம், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம். கருவி பதிவை முடித்து மூடிய நேரம் அது. அந்த நேரத்தைச் சபாவின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட்டால் பாடியவர் யார், பக்கவாத்தியம் யார் என்பதெல்லாம் கிடைத்துவிடும். ஒரு நாளில் காலை முதல் இரவு வரை நான்கைந்து கச்சேரிகள் நடக்கும் மார்கழி மாதத்தில், இது போதுமான ஆதாரமாகவே இருந்துவந்தது.

2012 முதலான பதிவுகள் நான்கு டிஸ்க்குகளில், மேக் கணினியின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பில் இருந்தன. இவை திருத்திச் சீராக்கப்பட்டவை. கோப்பின் பெயரிலேயே தேதி, பாடியவர், முக்கிய ராகம் ஆகியவை தமிழில் எழுதப்பட்டிருந்தன. இவற்றின் மேல் மேக்கின் வண்ணப் புள்ளிகளை அம்மையார் இட்டுவைத்திருந்தார். பச்சை என்றால் யாருக்கும் தரலாம். மஞ்சள் என்றால் காப்பகத்தில் உட்கார்ந்து கேட்கலாம். சிவப்பு என்றால் கலைஞரோ குடும்பத்தாரோ மறுத்திருக்கிறார்கள், தரவே கூடாது. இந்த வண்ண முறை மேக்கில் 2013-இல் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. அது வந்த சில மாதங்களிலேயே அவர் அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்.

முதல் இடமாற்றம்: ஜூன், ஜூலை

புதிய சர்வர் லினக்ஸில், எக்ஸ்ட்4 அமைப்பில் இயங்கியது. அதன் நேர மண்டலம், நிறுவும்போது வந்தபடியே, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் விடப்பட்டிருந்தது. பட்டியல் வேலை நடந்தது விண்டோஸ் கணினியில். அது இந்திய நேரத்தில் இருந்தது.

தன்னார்வலர் முதல் இரண்டு ஃபேட்32 டிஸ்க்குகளையும் சர்வரில் நேரடியாக இணைத்து, ஃபோல்டர்களை உள்ளிருப்போடு நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளையால் மாற்றினார். முடிந்ததும் இரு பக்கமும் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. அந்த நம்பிக்கையில் இரண்டு டிஸ்க்குகளும் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் போயின. ஒன்று அலுவலகக் கணக்குகளுக்காக விண்டோஸில் முழு ஃபார்மட் செய்யப்பட்டது. மற்றது விரைவு ஃபார்மட் செய்யப்பட்டு, பதிவுக் குழுவினர் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

மூன்றாவது டிஸ்க்கின்போது மின்வெட்டு ஏற்பட்டு நகல் பாதியில் நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடர வசதியாக இருக்கும் என்பதற்காக அவர் சிபியை விட்டு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளைக்கு மாறினார். கோப்பின் பண்புகளையும் எடுத்துவரும் அதன் ஆர்கைவ் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டார். இந்த மாற்றத்தால், எஞ்சிய டிஸ்க்குகளில் கோப்புகளின் நேரமும் கூடவே வந்தது. முதல் இரண்டில் அது வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மின்வெட்டு ஏற்படாதிருந்தால் ஐந்து டிஸ்க்குகளின் தேதிகளும் போயிருக்கும்.

மேக் டிஸ்க்குகள் நான்கும் மேக் கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாக, அதே ஆர்சிங்க்கால் மாற்றப்பட்டன. சில கோப்புகள் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழையோடு நின்றன. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் உச்சவரம்பு; எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுப்பதால், 85 குறிகளுக்கு மேல் தமிழில் பெயர் வைக்க முடியாது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் கணக்கில் இது இன்னும் குறைவு. மேக்கிலும் விண்டோஸிலும் 255 குறிகள் வரை தமிழ்ப் பெயர் செல்லும் என்பதால் பாடகர், வயலின், மிருதங்கம், சபா என்று முழு விவரத்தையும் பெயரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். தன்னார்வலர் அந்தப் பெயர்களை மேக்கிலேயே கையால் சுருக்கி மறுபடியும் அனுப்பினார். பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்ற குறிப்பு வைக்கவில்லை. சரிபார்ப்பு எண்கள் இங்கும் முழுமையாகப் பொருந்தின.

கவனத்துக்கு வந்த விதம்

ஆகஸ்ட் மாதத்தில், மறைந்த பாடகர் ஒருவரின் மாணவி, தம் குரு 2009 டிசம்பர் 27 அன்று மாலையில் பாடிய கச்சேரியைக் கேட்டிருந்தார். அம்மையார் விண்டோஸ் கணினியில் அந்தத் தேதியை வைத்துத் தேடி, கிடைத்த கோப்பை அனுப்பினார். மறுநாள் தொலைபேசி வந்தது.

“மேடம், இது எங்க குரு பாட்டு இல்லை. தேதி சரியாப் பார்த்து அனுப்பினீங்களா?”

அம்மையார் தேதியைச் சரியாகத்தான் பார்த்திருந்தார். குருவின் கச்சேரி 28-ஆம் தேதி அதிகாலையில் முடிந்ததாக அந்தக் கணினி காட்டியது; 27 என்று காட்டியது முந்தைய நாள் மாலை பாடியவருடைய பதிவு. சந்தேகப்பட்டு மற்ற ஃபோல்டர்களைத் திறந்தபோது, 2006, 2007 சீசன் பதிவுகள் அனைத்தும் 2023 ஜூன் மாதத்தில் பதிவானவையாக நின்றன. விண்டோஸில் ‘உருவாக்கிய தேதி’, ‘மாற்றிய தேதி’ என்ற இரண்டு பத்திகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தது அவரை இன்னும் குழப்பியது. உருவாக்கிய தேதி என்பது அந்தப் பிரதி அந்த இடத்தில் உருவான நேரத்தையே பெரும்பாலும் குறிக்கும். அது பதிவின் வயதைச் சொல்லாது. அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்தது.

பரிசோதித்தபோது கண்டவை

முதல் வேலையாக, சர்வரில் இருந்த எதையும் யாரும் மாற்ற முடியாதபடி செய்தோம். பிறகு கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையால் ஃபேட் டிஸ்க்குகளிலிருந்து வந்த கோப்புகளின் நேரத்தை நொடியின் பின்னம் வரை எடுத்துப் பார்த்தேன். ஒரே பார்வையில் இரண்டு கூட்டங்கள் பிரிந்தன. ஒன்றில் நேரம் 2023-06-17 16:08:41.318842207 என்பது போல இருந்தது. மற்றொன்றில் 2010-12-23 21:12:36.000000000 என்பது போல. ஃபேட் அமைப்பு மாற்றிய நேரத்தை இரண்டு நொடிக்கு ஒரு படியாகவே எழுதும். ஆகவே அதிலிருந்து பிழைத்து வந்த நேரத்தில் நொடி எப்போதும் இரட்டைப்படையாகவும் பின்னம் சுழியாகவும் இருக்கும். எக்ஸ்ட்4 நானோநொடி வரை எழுதும். பின்னத்தில் எண்கள் நிறைந்திருந்தால் அது நகலெடுத்த கணத்தில் சர்வர் தானாகப் போட்ட முத்திரை. எந்தக் கோப்பின் தேதி உண்மையில் பதிவுக் கருவி எழுதியது, எது இடையில் வந்தது என்பதை இந்த ஒரு அடையாளத்தால் ஐயமின்றிப் பிரிக்க முடிந்தது.

பிழைத்து வந்த கூட்டத்தில் இருந்தது வேறொரு பிழை. சர்வரின் திரையில் மேலே சொன்ன 21:12:36 என்ற நேரம் சரியாகவே தெரியும். அன்றைய நிகழ்ச்சி நிரலோடும் பொருந்தும். தன்னார்வலர் ஜூலையில் சர்வர் முன் உட்கார்ந்து சில கோப்புகளைச் சோதித்தபோது எல்லாம் சரியென்று முடிவு செய்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் அந்த வரியின் கடைசியில் +0000 என்று இருந்தது. ஃபேட் அமைப்பு நேரத்தை உள்ளூர் நேரமாக எழுதுகிறது. அது எந்த ஊர் நேரம் என்பதை எழுதுவதில்லை. யூடிசியில் இருந்த சர்வர், சென்னைச் சுவர்க்கடிகாரத்தின் இரவு 9:12-ஐ யூடிசியின் இரவு 9:12 என்று எடுத்துக்கொண்டது. இந்திய நேரத்தில் இருந்த விண்டோஸ் கணினி அதை வாங்கி, ஐந்தரை மணி நேரம் கூட்டி, மறுநாள் அதிகாலை 2:42 என்று காட்டியது.

இதன் விளைவு எல்லாக் கச்சேரிகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. மாலை 6:30-க்கோ அதற்குப் பிறகோ முடிந்த எல்லாப் பதிவுகளும் அடுத்த தேதிக்குத் தாவின. அதிகாலை இரண்டே முக்காலுக்குக் கச்சேரி முடிந்தது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், அந்தப் பிழைகள் தாமாகவே வெளிப்படும். எனக்கு அதிகக் கவலை தந்தவை பிற்பகல் பதிவுகள். பகல் 1:50-க்கு முடிந்த இளம் கலைஞர் ஒருவரின் கச்சேரி, அதே தேதியில் இரவு 7:20-க்கு முடிந்ததாகத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் ஒரு மூத்த வித்வானின் பெயர் இருக்கும். தேதி சரி, நேரம் நம்பத்தக்கது, பெயர் மட்டும் தவறு. மாணவியின் அழைப்பு வந்திராவிட்டால் இவை அப்படியே பட்டியலில் ஏறியிருக்கும்.

மேக் டிஸ்க்குகளில் நேரம் யூடிசியில் எழுதப்படுவதால் அவற்றில் இந்தப் பிழை இல்லை. ஆனால் அம்மையாரின் அட்டவணையிலிருந்து கோப்பைத் தேடி எடுக்கும் சிறு கணினி நிரல், அவற்றில் பலவற்றை ‘கோப்பு இல்லை’ என்றது. ஃபோல்டரைத் திறந்தால் கோப்பு கண்ணெதிரே இருந்தது. பைரவி கிடைத்தது, தோடி கிடைக்கவில்லை. கல்யாணி, சங்கராபரணம், கரஹரப்பிரியா, சாவேரி கிடைத்தன. காம்போதி, மோகனம், ஹிந்தோளம், கேதாரகௌளை கிடைக்கவில்லை. இந்தப் பட்டியலைக் காகிதத்தில் எழுதி, கிடைக்காத பெயர்களின் பொது எழுத்தைத் தேடியபோது விடை தெரிந்தது. யூனிகோடில் ‘தோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம்; அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டில் வேறு. ஹெச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயரையும் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்கள் எல்லாம் பிரிந்த நிலையில் லினக்ஸுக்கு வந்து சேர்ந்தன. எக்ஸ்ட்4 பெயரைத் தனக்குக் கொடுத்த பைட்டுகளாகவே வைத்துக்கொள்ளும். விண்டோஸில் தட்டச்சு செய்த அட்டவணையில் அவை சேர்ந்த வடிவத்தில் இருந்தன. ஐகாரம் பிரிவதில்லை என்பதால் பைரவிக்குச் சிக்கல் இல்லை.

வண்ணப் புள்ளிகள் ஒன்றுகூட வரவில்லை. மேக் அவற்றைக் கோப்பின் உள்ளே வைப்பதில்லை. கூடுதல் பண்பு என்ற தனி இடத்தில் வைக்கிறது. ஆர்சிங்க்கின் ஆர்கைவ் விருப்பம் அனுமதிகள், உரிமையாளர், நேரம், இணைப்புகள் ஆகியவற்றை எடுத்துவரும். கூடுதல் பண்புகளை எடுத்துவராது, அதற்குத் தனி விருப்பம் சேர்க்க வேண்டும். இதைக் கேட்ட அம்மையார் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து, ஜூலைக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் என்ன கேட்டார்கள் என்பதை வரிவரியாகப் பார்த்தார். சிவப்புப் புள்ளி இருந்த ஒரு பதிவு, ஆய்வு மாணவர் ஒருவருக்குக் காப்பகத்தில் வைத்துக் கேட்கக் கொடுக்கப்பட்டிருந்தது. பிரதி எதுவும் வெளியே போகவில்லை. மறுநாளே அந்தக் கலைஞரின் குடும்பத்தாரை நேரில் சந்தித்து நடந்ததைச் சொன்னார். அதைக் கேட்டு அவர்கள் வருந்தினாலும், சொல்லாமல் விடாததை மதித்தார்கள்.

உரிமையாளர் பண்பிலும் ஒரு சிறு குழப்பம் இருந்தது. மேக்கில் முதல் பயனருக்கு 501 என்ற எண், லினக்ஸில் பெரும்பாலும் 1000. சர்வரில் 501 என்று யாரும் இல்லாததால் சில ஃபோல்டர்கள் திறக்காமல் போக, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கப்பட்டிருந்தது. அதை உடனே திருத்தினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சர்வரில் இருக்கும் கோப்புகளின் நேரத்திலிருந்து ஐந்தரை மணியை ஒரே கட்டளையில் கழித்துவிடலாம் என்பது முதலில் வந்த யோசனை. தன்னார்வலர் அதற்கான நிரலையும் எழுதிவிட்டார். நான் அதை ஏற்கவில்லை. ஜூலைக்குப் பின் சில கோப்புகள் விண்டோஸ் வழியாக இடம் மாற்றப்பட்டிருந்தன. சிலவற்றை யாரோ திறந்து சேமித்திருந்தார்கள். எது எந்த வழியாக வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், மொத்தமாகக் கழிப்பது சரியான சிலவற்றையும் கெடுக்கும். மூல டிஸ்க்குகள் ஏழு இன்னும் கையில் இருந்தன. மூலம் இருக்கும்போது நகலைத் திருத்துவதில் பொருளில்லை. மூலத்திலிருந்து மறுபடியும் எடுப்பதே முறை என்று முடிவு செய்தோம். இதற்குக் கூடுதலாக மூன்று வாரம் ஆகும் என்பது தெரிந்தே அந்த முடிவை எடுத்தோம்.

அடுத்த முடிவு சிவப்புப் புள்ளியைப் பற்றியது. கூடுதல் பண்புகளையும் சேர்த்து ஆர்சிங்க்கால் கொண்டுவர முடியும். எக்ஸ்ட்4 அவற்றை ஏற்கும். ஆனால் பட்டியலாளர் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியில் அந்த வண்ணம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தடை, தடையாக இருக்காது. ஆகவே வண்ணத்தைக் கோப்புகளின் பதிவேட்டில் எழுத்தாக எழுதுவது, சிவப்புப் பதிவுகளைத் தனி ஃபோல்டரில் வைத்து அம்மையாரின் கணக்குக்கு மட்டும் திறக்கும்படி செய்வது என்று தீர்மானித்தோம்.

கோப்பின் உள்ளேயே தேதியை எழுதிவிடலாமா என்பதும் பேசப்பட்டது. வேவ் கோப்பில் அதற்கு இடம் உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தில், பதிவு தொடங்கிய தேதிக்கும் நேரத்துக்கும் தனிப் புலங்கள் இருக்கின்றன. காப்பகம் 2011-இல் வாங்கிய கருவி அவற்றைத் தானே எழுதியிருந்தது. பழைய கருவி எழுதவில்லை. அதில் நாங்கள் புதிதாக எழுதினால் கோப்பின் சரிபார்ப்பு எண் மாறிவிடும். மூலப் பதிவு எது என்ற தொடர்பு அறுந்துவிடும். மூலக் கோப்பின் உள்ளே கை வைப்பதில்லை என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் இடமாற்றம்: செப்டம்பர்

இம்முறை நகலெடுப்பதற்கு முன்பே, மூல டிஸ்க்கில் இருந்தபடி ஒரு பட்டியல் எடுத்தோம். ஒவ்வொரு கோப்புக்கும் முழுப் பெயர், அளவு, எஸ்ஹெச்ஏ-256 எண், மாற்றிய நேரம், வண்ணம் ஆகியவை அதில் இருந்தன. மேக்கிலும் லினக்ஸிலும் ஒரே பெயருள்ள கட்டளைகள் வேறு வேறு விருப்பங்களோடு நடந்துகொள்வதால், இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றைப் பயன்படுத்தினோம். நேரத்தை யூடிசியிலும் இந்திய நேரத்திலும் இரு பத்திகளாக எழுதியது, பட்டியலைப் படிப்பவர் குழம்பாமல் இருப்பதற்காக. எல்லா டிஸ்க்குகளும் படிக்க மட்டும் முடியும் நிலையில் இணைக்கப்பட்டன. ஃபேட் டிஸ்க்குகளை இணைக்கும்போது டைம் ஆஃப்செட் என்ற மவுண்ட் விருப்பத்தில் 330 நிமிடம் என்று கொடுத்தோம். சர்வர் ஒவ்வொரு நேரத்திலிருந்தும் ஐந்தரை மணியைக் கழித்து யூடிசியாக எடுத்துக்கொண்டது. மின்வெட்டுக்காக யூபிஎஸ் ஒன்றும், பழைய டிஸ்க்குகளுக்காக ரிச்சி தெருவில் வாங்கிய, டிஸ்க்கைச் செருகி இணைக்கும் டாக் ஒன்றும் கூடுதல் செலவு.

மேக்கில் கூடவே வந்திருந்த ஆர்சிங்க் 2006-ஆம் ஆண்டின் 2.6.9 பதிப்பு. பெயர்களின் குறியேற்றத்தை மாற்றும் ஐகான்வ் விருப்பம் அதற்கடுத்த 3.0 பதிப்பில்தான் வந்தது. புதிய பதிப்பை நிறுவி, மேக்கின் பிரிந்த வடிவத்திலிருந்து சேர்ந்த வடிவத்துக்குப் பெயர்களை மாற்றியே அனுப்பினோம். நீளமான பெயர்களுக்கு அடையாள எண் கொடுத்து, முழுப் பெயரைப் பதிவேட்டில் வைத்தோம். ஜூலையில் கையால் சுருக்கப்பட்ட பெயர்களை, அட்டவணையில் இருந்த பழைய முழுப் பெயர்களோடு தேதியையும் பதிவின் நீளத்தையும் வைத்து ஒன்றுவிடாமல் பொருத்திவிட முடிந்தது.

நகல் முடிந்ததும் சர்வரில் அதே நிரலை ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டோம். நேரத்தில் இரண்டு நொடி வரையிலான வேறுபாட்டை மட்டும் பொருட்படுத்தவில்லை. பிறகு அம்மையார் விண்டோஸ் கணினியில், டிஸ்க்குக்கு இருபது கோப்புகள் வீதம் கண்ணால் பார்த்து, நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட்டு ஒப்பமிட்டார். எந்தக் கணினியில் அன்றாட வேலை நடக்கிறதோ அந்தக் கணினியில் பார்க்க வேண்டும் என்பது ஜூலை அனுபவம் கற்றுக்கொடுத்தது.

அழிக்கப்பட்ட இரண்டு டிஸ்க்குகள்

விரைவு ஃபார்மட் செய்யப்பட்ட டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குதான் புதிய தரவு நிரம்பியிருந்தது. முதலில் அதன் முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் தேடினோம். ஒலிப்பதிவுகள் சர்வரில் பத்திரமாக இருந்ததால் அவற்றை மீட்க வேண்டிய தேவையே இல்லை. ஃபோல்டர்களின் பெயர்ப்பட்டியல் கிடைத்தால் போதும். ஃபேட்32-இல் ஃபோல்டர்களின் பட்டியல்கள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் இல்லாமல் தரவுப் பகுதியில் ஆங்காங்கே இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, மாற்றிய நேரம் அடங்கிய 32 பைட் பதிவு ஒன்று உண்டு. விரைவு ஃபார்மட் இவற்றைத் துடைப்பதில்லை. மேலெழுதப்படாத பகுதியிலிருந்து இந்தப் பதிவுகளைப் பொறுக்கியெடுத்து, பெயரும் அளவும் பொருந்தும் கோப்புகளுக்கு நேரத்தைத் திரும்பக் கொடுத்தோம். இரண்டு ஃபோல்டர்களைத் தவிர மற்றவை கிடைத்தன.

முழு ஃபார்மட் செய்யப்பட்ட டிஸ்க்கில் எதுவும் இல்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் சுழிகளை எழுதிவிடுகிறது. அந்த சீசன்களுக்குக் கையில் இருந்தவை மூன்று: கருவி கொடுத்த வரிசை எண், பதிவின் நீளம், சபாக்களின் பழைய நிகழ்ச்சி நிரல்கள். கருவி 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில், நொடிக்கு 2,88,000 பைட் வீதம் எழுதியது. 2 ஜிபி ஆனதும் கோப்பை மூடி அடுத்ததைத் திறந்தது. ஆகவே சரியாக 2 மணி 4 நிமிடத்தில் முடியும் கோப்பு என்றால், அடுத்த எண்ணில் இருப்பது அதே கச்சேரியின் தொடர்ச்சி. இப்படி இணைத்தபோது கச்சேரிகளின் எண்ணிக்கையும் வரிசையும் கிடைத்தன. பிறகு அம்மையாரும் இரண்டு ரசிகர்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் தனி ஆவர்த்தனத்தையும் கேட்டு, நிரலில் உள்ள பெயர்களோடு பொருத்தினார்கள். கடைசி நேரத்தில் கலைஞர் மாறிய கச்சேரிகளை நிரல் காட்டிக்கொடுக்காது என்பதால், இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு ஒரே முடிவுக்கு வந்தால் மட்டுமே ஏற்றோம்.

விளைவு

நவம்பர் இறுதிக்குள் ஏழு டிஸ்க்குகளின் கோப்புகள் அனைத்தும் சரியான நேரத்தோடும், பொருந்தும் பெயரோடும், அனுமதி விவரத்தோடும் சர்வரில் இருந்தன. மாணவிக்கு அவருடைய குருவின் கச்சேரி சென்றது. அழிக்கப்பட்ட டிஸ்க்குகளைச் சேர்ந்தவற்றில் 41 கோப்புகளுக்குத் தேதி தெரியவில்லை. அவற்றைத் தேதியோடு ஊகித்து எழுதாமல், ‘தேதி உறுதியில்லை, வரிசை எண்ணின்படி இன்ன இரு கச்சேரிகளுக்கு இடையே’ என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

மாற்றிக்கொண்டவை

காப்பகத்தில் இப்போது எந்த மூல டிஸ்க்கும் இடமாற்றம் முடிந்த உடனே அழிக்கப்படுவதில்லை. ஒரு முழு டிசம்பர் சீசன் கடந்து, பட்டியலாளர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகே அது வேறு வேலைக்குப் போகும். சரிபார்ப்பு எண் கோப்பின் உள்ளே இருப்பதை மட்டுமே பேசும். பெயரையும் நேரத்தையும் வண்ணத்தையும் உரிமையாளரையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஜூன் மாதத்தில் டிஸ்க்குகளை அழிக்கலாம் என்று முடிவெடுத்தபோது, தன்னார்வலர் அந்த எண் எதற்குச் சான்றோ அதற்கும் மேலாக அதை நம்பிவிட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அன்று அதையே செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஏனெனில் நகல் சரியா என்று கேட்டால் எங்கள் தொழிலில் முதலில் கைபோவது அந்த எண்ணை நோக்கித்தான்.

புதிய பதிவுகளுக்குக் கார்டிலிருந்து எடுக்கும் அன்றே தேதியும் கச்சேரி எண்ணும் கொண்ட சுருக்கமான பெயர் வைக்கப்படுகிறது. பெயரில் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் மட்டும் பயன்படுத்துவது என்ற முடிவு எனக்கு மனநிறைவு தரவில்லை. தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்வு சான்றாகாது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கருதும்படி தேடும் நிரலைத் திருத்தியதும் அந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்தது. ஆனாலும் 85 குறி வரம்பு இருப்பதால், முழுத் தமிழ்ப் பெயரைப் பதிவேட்டில் வைத்துக் கோப்புக்குச் சுருக்கப் பெயர் கொடுப்பதைக் காப்பகம் தேர்ந்தெடுத்தது. சர்வரின் நேர மண்டலத்தை நாங்கள் மாற்றவில்லை, யூடிசியிலேயே இருக்கிறது. பதிலாக, ஃபேட் கார்டுகளை இணைக்கும் கட்டளை 330 நிமிடக் கழிவோடு ஒரே இடத்தில் எழுதிவைக்கப்பட்டு, அதன் வழியாக மட்டுமே கார்டுகள் திறக்கப்படுகின்றன.

2023 டிசம்பர் சீசனின் முதல் வாரப் பதிவுகள் இந்த முறையில் ஏறியபோது, அம்மையார் ஒவ்வொரு நாளும் இரவில் கச்சேரி முடிந்த நேரத்தைக் கையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார். அதைக் கண்ட திருவல்லிக்கேணி ரசிகர் ஒருவர், தாம் 2005 முதல் கேட்ட கச்சேரிகளின் பாடல் வரிசையை எழுதிவைத்திருக்கும் தம் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை வைத்துத் தேதி தெரியாத 41-இல் எட்டுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. மீதி 33 இன்னும் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன.